‘அந்த நாள்’ படத்தில் சிவாஜியை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்ப்பது எப்படி

நீங்கள் கேட்டதை எனக்குப் புரிந்த மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ‘அந்த நாள்’ படத்தை இப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தீர்கள். வீட்டில் எல்லாரும் சிவாஜி, சிவாஜி என்கிறார்கள், உங்களுக்கோ பக்கத்து வீட்டுச் சின்னையாவும் துப்பறிய வந்த சிவானந்தமும்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்கள். இப்படிப் பார்ப்பது சரியா, துணை நடிகர்களை ரசிப்பதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா, கொலையாளி யாரென்று தெரிந்துவிட்ட படத்தை மறுபடி போட்டுப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: முடிச்சு அவிழ்ந்த பிறகு ஒரு குற்றப் படத்தில் மிச்சம் என்ன? எனக்குக் கிடைத்த மிச்சம் நீங்கள் பார்த்த அதே ஆட்கள்தான். அதனால் உங்கள் கண் சரியாகத்தான் வேலை செய்கிறது, தைரியமாக இருங்கள். இன்னும் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் யார் சுட்டது என்பதை மட்டும் எங்கேயும் சொல்லமாட்டேன்.

நான் விமர்சகன் இல்லை, நடிகனும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் 1979-லிருந்து 28 வருடம் ஆபரேட்டராக இருந்தேன். ஒரே படத்தை ஒரு நாளைக்கு நாலு காட்சி, ஓடினால் ஐம்பது நாள் நூறு நாள் என்று பார்த்தவன். அந்தப் பார்வையிலிருந்துதான் பேச முடியும். ஒரு காட்சியை ஏன் அப்படி எடுத்தார்கள், இயக்குநர் நடிகரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் என் எல்லைக்கு வெளியே. திரையில் என்ன தெரிகிறது என்பதைச் சொல்வேன், அதில் எது என் அபிப்பிராயம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை விஷயம். நீங்கள் ‘துணை நடிகர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோடம்பாக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. கல்யாண வீட்டுக் கூட்டம், சந்தை, கோர்ட்டில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்று ஏஜெண்டு மூலம் வந்து தினக்கூலிக்கு நிற்கிறார்களே, அவர்களைத்தான் அங்கே துணை நடிகர்கள் என்பார்கள். நீங்கள் கேட்கிற ஆட்களைக் குணச்சித்திர நடிகர்கள் என்று சொல்வது வழக்கம். கதாநாயகன் இல்லை, வில்லன் என்றும் சொல்லிவிட முடியாது, ஆனால் அந்த ஆளை எடுத்துவிட்டால் கதை நொண்டும். இதைத் தப்பு பிடிக்கச் சொல்லவில்லை. கூட்டத்தில் நிற்பவர் வேறு, பாத்திரம் ஏற்பவர் வேறு என்பது மனதில் இருந்தால் யாரை எதற்காகப் பார்க்கிறோம் என்பதில் குழப்பம் வராது.

இவர்களைப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கும் ஒரு வழி கிடைக்கும். பிலிம் காலத்தில் ஆபரேட்டர் ரூமில் இரண்டு மெஷின் இருக்கும். 2,000 அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடம் ஓடும், அது முடிகிற நேரத்தில் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும், தியேட்டரில் இருப்பவருக்கு மாற்றியது தெரியக் கூடாது. எப்போது மாற்றுவது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் கண் சிமிட்டுகிற நேரம் வந்து போகும். முதல் வட்டம் வந்ததும் மோட்டாரை ஓட விடணும், ஏழெட்டு நொடி கழித்து இரண்டாவது வட்டம் வரும், அப்போது மாற்றணும். தவறவிட்டால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும். நான் உதவியாளாகச் சேர்ந்தபோது பெரிய ஆபரேட்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஹீரோ மூஞ்சியப் பாக்காதடா, மூலையப் பாரு.” வருடக்கணக்கில் அப்படியே பார்த்துப் பார்த்து என் கண் தானாகவே ஓரத்துக்குப் போகிற பழக்கம் வந்துவிட்டது. ஓரத்தில் யார் நிற்பார்கள்? வசனம் பேசுகிற கதாநாயகன் நடுவில் இருப்பான். கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன், வேலைக்காரன், இன்ஸ்பெக்டர், மாமியார் எல்லாரும் ஓரத்தில்.

இன்னொன்று, மெஷின் ஓடுகிற இரைச்சலில் உள்ளே வசனம் சரியாகக் கேட்காது. சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், அதில் வருவது கரகரப்புதான். ஆக, பாதிப் படத்தை நான் சத்தம் இல்லாமல், ஒரு முழ அகலக் கண்ணாடி வழியாக, ஓரத்திலிருந்து பார்த்தவன். நடிப்பைப் பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

‘அந்த நாள்’ எங்களிடம் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வாரம் காலைக் காட்சியாக ஓடியது. அப்போதெல்லாம் காலைக் காட்சிக்குப் பழைய படப் பெட்டி வருவது சகஜம். பிரிண்ட் நிறைய அடி வாங்கியிருந்தது, எங்கே பார்த்தாலும் ஒட்டு. கூட்டம் நாற்பது ஐம்பது பேர் இருந்தால் பெரிது. அதில் காசிமேட்டில் மீன் ஏலம் முடித்துவிட்டு நேராக வருகிற ஒரு ஆயா உண்டு, வெறும் கூடையை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகும். இந்தப் படத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து வந்தது. மூன்றாம் நாள் இடைவேளையில் நான் கீழே டீ குடிக்க வந்தபோது, ஏன் ஆயா, பாட்டுகூட இல்லாத படத்துக்குத் தினம் வர்றியே என்று கேட்டேன். “அந்தப் பக்கத்து ஊட்டு ஆளு கீறான் பாரு, போலீஸாண்ட ஓடறானே, அவன் நெஜமாலுமே பயந்துதான் ஓடறானா இல்ல நடிக்கிறானான்னு எனுக்கு இன்னும் புரியல. அத்தப் பாக்கத்தான் வர்றேன்” என்றது. சிவாஜியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் சின்னையா மனதில் நிற்கிறார் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த ஆயா ஞாபகம் வந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சரி, படத்துக்கு வருவோம். 1954-இல் ஏவி.எம். எடுத்தது, இயக்கம் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர் என்றால் உடனே தெரியும். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது, தமிழில் அப்படி வந்த முதல் படம். இந்தத் தகவலை எல்லாரும் சொல்வார்கள், அது நடிகர்களுக்கு என்ன செய்தது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் படங்களில் பத்து பாட்டு சாதாரணம். பாட்டுக்கும் நகைச்சுவைத் தனிக் கதைக்கும் போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் குணச்சித்திர நடிகர் வந்து நாலு வரி பேசிவிட்டுப் போவார். இங்கே அந்த நேரம் முழுக்க முகங்களுக்குப் போய்விட்டது. மாருதி ராவின் ஒளிப்பதிவும் முகத்தில் பாதி வெளிச்சம் பாதி இருட்டு என்று நின்று பார்க்கிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் இவர்கள் நடித்தாக வேண்டியிருந்தது.

அதைவிட முக்கியம் கதையின் கட்டு. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான், அது சிவாஜி. சத்தம் கேட்டு ஓடிப்போய்ச் சொல்கிற பக்கத்து வீட்டுக்காரர் சின்னையா, பி. டி. சம்பந்தம். தம்பி பட்டாபி, டி. கே. பாலச்சந்திரன். தம்பி மனைவி ஹேமா, மேனகா. ராஜனோடு தொடர்புள்ள அம்புஜம், சூரியகலா. மனைவி உஷா, பண்டரிபாய். உள்ளூர் இன்ஸ்பெக்டர் நாயுடு ஒரு பக்கம் இருக்க, சி.ஐ.டி. சிவானந்தமாக ஜாவர் சீதாராமன் வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் வேறொருவரைக் கைகாட்ட, ஒவ்வொருவர் சொல்லும்போதும் நடந்தது கண்முன் ஓடுகிறது. சிவாஜி ஒவ்வொருவர் கதையிலும் வேறு வேறு ராஜனாக வருகிறார், அது பெரிய சாதனைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மற்றவர்கள் செய்ய வேண்டியிருந்ததை யோசித்துப் பாருங்கள். பட்டாபி சின்னையா சொல்கிற கதையில் ஒரு ஆள், சந்தேகத்துக்கு இடமான தம்பி. அதே பட்டாபி சிவானந்தம் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும்போது வேறு ஆள். ஹேமா கணவன் வாயிலிருந்து வருகிறபோது எப்படி இருக்கிறாள், தானே பேசும்போது எப்படி இருக்கிறாள்? அதாவது ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு பேராக நடிக்கணும், அடுத்தவர் கண்ணில் தெரிகிற நானும் என் கண்ணில் தெரிகிற நானும். அதுவும் ரொம்ப மாற்றிவிடக் கூடாது. முழுக்க வேறாளாகிவிட்டால் நமக்கு நம்பிக்கை போய்விடும், மாற்றமே இல்லையென்றால் கதை நகராது. குரலில் கொஞ்சம், கழுத்து நிமிர்வதில் கொஞ்சம், அவ்வளவுதான் இடம்.

அதோடு இன்னொரு பாரம். இதுபோன்ற படத்தில் கொலையாளியாக இருக்கக் கூடியவர் என்று ஐந்தாறு பேர் மேலும் நமக்குச் சந்தேகம் வந்து வந்து போகணும். அந்தச் சந்தேகத்தைக் கதாசிரியர் எழுதிக் கொடுக்கலாம், முகத்தில் கொண்டுவந்து நிறுத்துவது நடிகர் வேலை. கொஞ்சம் கூட்டினால் இவன்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், குறைத்தால் ஆள் இருப்பதையே மறந்துவிடுவோம். அந்த ஆயாவுக்கு மூன்று நாள் ஆகியும் புரியவில்லை என்றால் சம்பந்தம் அந்த அளவைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

ஜாவர் சீதாராமனைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. இந்தப் படத்துக்கு வசனம் எழுதியவரும் அவர்தான். வசனகர்த்தா நடிக்கும்போது நல்ல வரிகளைத் தனக்கே வைத்துக்கொள்வார் என்று நாம் எதிர்பார்ப்போம். இவர் தனக்கு எழுதிக்கொண்ட வேலை பெரும்பாலும் கேட்பது. எதிராளி பேசட்டும் என்று விட்டுவிட்டு நிதானமாக இருக்கிறார், அந்த நிதானத்தில்தான் எதிரில் இருப்பவருக்குப் பதற்றம் கூடுகிறது. துப்பறிபவர் என்றால் மேஜையைத் தட்டி மிரட்டணும் என்று பழகிப்போன நமக்கு இது இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. இதே மனிதர் 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் பானர்மேன், 1967-இல் ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் அந்த ஜீபூம்பா பூதம். மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே ஆள் என்று நம்புவதற்கே கொஞ்ச நேரம் ஆகும். என் பேரப்பிள்ளைகளுக்குப் பூதத்தைத்தான் தெரியும், சிவானந்தத்தைக் காட்டியபோது ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றார்கள்.

பண்டரிபாய் கதாநாயகி வரிசையில் வருபவர், உங்கள் கேள்விக்குள் நேரடியாக வரமாட்டார். ஆனாலும் ஒன்று சொல்லணும். 1992-இல் ‘மன்னன்’ ஓட்டினோம், அதில் ரஜினியின் நோயாளி அம்மாவாக வருவது அவர்தான். வீல் நாற்காலியில் உட்கார்ந்த அந்த அம்மாவைத் தினம் நாலு தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உஷாவின் முகம் ஞாபகம் வரும். முப்பத்தெட்டு வருட இடைவெளி. பேசாமல் இருக்கும்போது முகத்தில் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கும், அது இரண்டிலும் ஒன்றுதான். இது முழுக்க என் கண்ணுக்குத் தெரிந்தது, நிரூபிக்க முடியாது.

இப்போது எது உறுதி, எது பேச்சு என்று பிரித்துவிடுகிறேன். பாலசந்தர் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ பார்த்து அதன் தாக்கத்தில் இதை எடுத்தார் என்பது உறுதி. அதனால் இது காப்பி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ‘ராஷோமோன்’ உண்மை என்ன என்பதைக் கடைசிவரை நம் கையில் கொடுக்காது. இது கொடுத்துவிடுகிறது, கொலையாளி யார், ஏன் என்று விடை உண்டு. விடை உள்ள கதையில் நடிகருக்கு வேறு மாதிரிக் கஷ்டம், ஏனென்றால் கடைசியில் திரும்பிப் பார்க்கும்போது அவர் முன்னால் செய்ததெல்லாம் அந்த விடையோடு பொருந்தணும். இது வரை உறுதியாகச் சொல்வேன். எந்த நடிகர் யாரைவிடச் சிறப்பு என்று நான் சொல்வதெல்லாம் அபிப்பிராயம், நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் நீங்கள் நினைப்பதை வைத்துக்கொள்ளுங்கள். படம் குறையே இல்லாதது என்றும் சொல்லமாட்டேன். சில வாக்குவாதங்களில் குரல் நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி ஏறிவிடுகிறது. அன்றைக்கு மேடைக் குரலோடு வந்தவர்களே அதிகம், மைக் பக்கத்தில் இருக்கிறது என்பதை உடம்பு நம்புவதற்கு வருடங்கள் ஆகும். எனக்கு அது உறுத்தும், ஆனாலும் மன்னித்துவிடுவேன்.

நாடகம் அவர்களுக்குக் கொடுத்த நல்லதையும் சொல்லணும். வி. கே. ராமசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் பிறந்தவர், 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் கிழவராக வருகிறார். கணக்குப் போட்டால் இருபது இருபத்தொரு வயது! நாடகக் கம்பெனியில் எந்த வயதும் போட்டுப் பழகியவருக்கு அது ஒரு வேஷம், அவ்வளவுதான். அவரும் எம். ஆர். ராதாவும் ‘புதிய பறவை’யில் செய்திருப்பதை முதல் தடவை ஒரு மாதிரியும் இரண்டாம் தடவை வேறு மாதிரியும் பார்ப்பீர்கள். ஏன் என்று சொன்னால் படம் போய்விடும், 1964 படம்தானே என்று யாரும் வாயை விட்டுவிடாதீர்கள், இன்னும் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். இதைப் பழக ஒரு சுலபமான வழி இருக்கிறது, குற்றப் படம்கூட வேண்டாம். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் டி. எஸ். பாலையாவுக்குக் கதை சொல்வாரே, அந்தக் காட்சி. நூறு தடவை பார்த்திருப்பீர்கள். நூற்றியோராவது தடவை நாகேஷை ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு அங்கே வசனம் எவ்வளவு குறைவு! முதலில் ஏதோ பையன் ஆசைப்படுகிறானே என்று கேட்க ஆரம்பித்து, அப்புறம் பயம் உள்ளே நுழைந்து, கடைசியில் அந்த இடத்திலேயே வெலவெலத்துப் போகிற வரை முகம் ஏறிக்கொண்டே போகும். நாகேஷ் சொல்கிற பேய் நமக்குத் தெரிவது பாலையா முகத்தில்தான். அதே கண்ணோடு ‘அந்த நாள்’ பக்கம் வந்து, ஒருவர் சாட்சி சொல்லும்போது அறையில் இருக்கும் மற்றவரைக் கவனியுங்கள்.

இரண்டாவது, ஏதாவது ஒரு விசாரணைக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். வசனம் தெரியாததால் உங்களுக்கு வேறு வழியே இல்லை, முகத்தைத்தான் படித்தாக வேண்டும். கைபேசியில் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சின்னத் திரையில் நடுவில் இருப்பவர் மட்டும்தான் தெரிவார், ஓரத்தில் நிற்பவர் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடுவார். வீட்டு டிவியில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், இருட்டை நம்பி எடுத்த படம் அது.

மூன்றாவது உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில். கொலையாளி தெரிந்துவிட்டது என்பதுதான் இரண்டாம் தடவை பார்ப்பதற்குக் காரணமே. முதல் தடவை நாமும் சிவானந்தத்தோடு சேர்ந்து துப்பறிந்துகொண்டிருப்போம், யார் நடிப்பையும் பார்க்க நேரம் இருக்காது. இரண்டாம் தடவை, குற்றம் செய்யாத ஒருவர் ஏன் இவ்வளவு பதறுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் எதையோ மறைக்கிறார்கள், ஆனால் அது கொலை இல்லை. பங்குச் சண்டை, கோபம், வெளியில் சொல்ல முடியாத உறவு, பக்கத்து வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கூச்சம். சின்ன சின்னக் குற்ற உணர்ச்சியோடு போலீஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிற சாதாரண மனிதர்கள். எங்கள் தெருவில் ஒரு தடவை திருட்டு நடந்து போலீஸ் வந்தபோது, அதில் சம்பந்தமே இல்லாதவர்கள் எல்லாரும் எப்படி நின்றார்களோ, அப்படித்தான் இருக்கிறது அவர்கள் நிற்பது.

இந்த ஊர்க்காரனாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கதை நடப்பது 1943 அக்டோபர், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆட்களுக்கு அந்தப் பயம் வாசலில் நின்றது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, விளக்கை மூடிவைத்து, சங்கு ஊதினால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடியதை என் பாட்டி சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நாட்களில் பக்கத்து வீட்டில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் சின்னையா போல ஒருவர் தெருவில் எப்படி ஓடியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு அந்த ஆரம்பத்தைப் பாருங்கள். ஆயா கேட்ட கேள்விக்கு என் பதில், அந்தப் பயம் நிஜம் என்பதுதான். அதை அதனிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது, அதற்குள் படம் மாறிவிட்டது.

இதற்கடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பாலசந்தரின் 1964 படம் ‘பொம்மை’. உள்ளே வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கை மாறிக் கை மாறிப் போகிற கதை. ஜேசுதாஸ் தமிழில் பாடிய முதல் பாட்டு அதில்தான் என்று பலருக்குத் தெரியும். நீங்கள் காத்திருக்க வேண்டியது கடைசிக்கு. கதை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள், பாலசந்தர் திரையில் வந்து அந்தப் படத்தில் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராக முகத்தோடு அறிமுகம் செய்து வைப்பார்.